பழைய காருக்கு புது இன்ஜின் வைக்கப் போறீங்களா? முதல்ல டேங்க்கைப் பாருங்க!

ஷெட்டில் தார்ப்பாய் மூடி நிற்கும் ஒரு அம்பாசிடர். இல்லையென்றால் அப்பா ஓட்டிய ஒரு பத்மினி. இன்ஜின் ‘சீஸ்’ ஆகி வருஷக்கணக்காகிறது. “பழசுக்கு பிஸ்டன் தேடி அலையறதுக்கு, ஒரு நல்ல எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினா பார்த்து தூக்கி வெச்சிடலாமே” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே பட்ஜெட் போட ஆரம்பிப்போம். இன்ஜின், கியர்பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர், வயரிங், கூலி. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம் பிடிக்காத ஒரு பொருள் உண்டு. அதுதான் பெட்ரோல் டேங்க்.

“அதான் ஏற்கெனவே வண்டியில இருக்கே!” என்பதுதான் காரணம். ஆனால் புது இன்ஜின் கேட்பதைப் பழைய டேங்க்கால் கொடுக்க முடியாமல் போகலாம். வளைவில் திரும்பும்போது வண்டி நின்றுபோவதில் தொடங்கி, தீ விபத்து வரைக்கும் அது கொண்டுபோய் விடலாம். இன்ஜின் மாற்றும்போது டேங்க்கை எப்படித் தேர்வு செய்வது? சட்டம் என்ன சொல்கிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வல்லம் வடகாலில் இருக்கு ஒரு பாடம்

காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் உள்ள வல்லம் வடகால் சிப்காட்டில் ராயல் என்ஃபீல்டு, யமஹா என இரண்டு பெரிய பைக் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு ஆலை 2017-ல் உற்பத்தியைத் தொடங்கியது. டேங்க் விஷயத்தைப் புரிந்துகொள்ள பைக்கே போதும்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும். டேங்க்குக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். பெட்ரோல் தீர்ந்து வண்டி திணறினால், ஓட்டிக்கொண்டே குனிந்து அதை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பிவிடுவோம். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கும். பம்ப் கிடையாது, வயர் கிடையாது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் கட்டாயமாகின. அதையொட்டி கிளாசிக் 350-க்கு கார்புரேட்டருக்குப் பதிலாக ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. வெளியே இருந்து பார்த்தால் அதே கண்ணீர்த்துளி வடிவ டேங்க்தான். உள்ளே கதையே வேறு. மின்சார பம்ப் டேங்க்குக்குள் போய் உட்கார்ந்தது. ரிசர்வ் திருகு காணாமல் போனது.

பெட்ரோலை எரிக்கும் முறை மாறியதும், வெளித்தோற்றத்தை மாற்றாமலே டேங்க்கின் உள்ளமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. காரிலும் இதே கணக்குதான். டேங்க்கைத் தீர்மானிப்பது காரின் பாடி இல்லை, இன்ஜின்தான்.

கம்பெனிகளே செய்த இன்ஜின் மாற்றம்

ஒரு பாடிக்கு வேறொரு இன்ஜினைப் பொருத்துவது புதுசு ஒன்றும் இல்லை. அம்பாசிடர் பல வருஷம் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு ஓடியது. பிறகு டீசல் வந்தது. 1990-களில் ஜப்பானிய இசுசு வடிவமைப்பிலான 1,817 சிசி பெட்ரோல் இன்ஜினும், அதன்பின் அதிலேயே எம்.பி.எஃப்.ஐ.யும் வந்தன. 2014-ல் உற்பத்தி நிற்கும் வரை பாடியில் பெரிய மாற்றம் இல்லை.

நம்ம ஊரிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ஒரகடம் வழியாகப் போகும் வாலாஜாபாத் சாலை தொடங்குகிற வண்டலூரில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்த அதே நிறுவனம், 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை வெளியிட்டது. பாடி, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அங்கே அந்த பாடியில் 3.5 லிட்டர் வி8 வரை இன்ஜின்கள் இருந்தன. இங்கே பொருத்தியது, பழைய வேன்கார்டு கார் வழி வந்த 1,991 சிசி இன்ஜின். அழகான பாடி, அதற்குப் பொருந்தாத இன்ஜின். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது.

கம்பெனிகள் இப்படி மாற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஒரகடத்தில் இருக்கும் வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்கள் இருப்பதே அதற்காகத்தான். நாம் பட்டறையில் மாற்றினால்? சோதிக்க வேண்டியது நாமும் நம் மெக்கானிக்கும்தான். அதனால்தான் சட்டமும் இதில் கறாராக இருக்கிறது.

சட்டப்படி இன்ஜின் மாற்றலாமா?

இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் எண், சிசி, எரிபொருள் வகை மூன்றும் ஆர்.சி.யில் இருக்கின்றன. அதே மேக், அதே டைப் இன்ஜினை மாற்றிப் பதிவு செய்வது ஒரு விஷயம். வேறு கம்பெனி இன்ஜின், வேறு சிசி என்று போவது முற்றிலும் வேறு விஷயம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்தால் 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற மாற்று எரிபொருளுக்கு மாற்றும் ‘கிட்’களுக்கு மட்டும் தனி நிபந்தனைகளோடு வழி இருக்கிறது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்தப் பயன்பாட்டு வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளும் வரும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டு கார்கள் ஏறத்தாழ எல்லாமே 50 வயதைத் தாண்டியவை. இன்று அதன் இன்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டால், நாளைக்கு விண்டேஜ் பதிவு கேட்க முடியாது. அதனால் எந்த முடிவெடுத்தாலும் பழைய இன்ஜினையும் டேங்க்கையும் விற்றுவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் இன்ஜினை மாற்றியிருந்தால், விபத்து நடக்கும்போது இழப்பீட்டில் சிக்கல் வரும். ஆகவே முதல் வேலை: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், வைக்கப் போகும் இன்ஜின் விவரத்தோடு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வாய்வார்த்தை பத்தாது.

புது இன்ஜின் டேங்க்கிடம் என்ன கேட்கும்?

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது டேங்க்குக்கு வருவோம். பழைய கார்புரேட்டர் டேங்க்கிலிருந்து நான்கு விஷயங்கள் மாறுகின்றன.

1. அழுத்தம்: கார்புரேட்டருக்கு 3 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை வேண்டும். உங்கள் கார் டயரில் நீங்கள் அடிக்கும் காற்று 30-லிருந்து 35-க்குள்தான் இருக்கும். அதைவிட அதிக அழுத்தத்தில், காருக்கு அடியில் ஒரு குழாயில் பெட்ரோல் ஓடப்போகிறது. பழைய ரப்பர் ஹோஸும் சாதாரண கிளிப்பும் இதைத் தாங்காது. விரிசல் விட்டால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும்.

2. ரிட்டர்ன் லைன்: பல எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்களில் தேவைக்குமேல் போன பெட்ரோல் திரும்ப டேங்க்குக்கே வரும். டீசல் இன்ஜினில் திரும்பி வரும் அளவு இன்னும் அதிகம், சூடாகவும் வரும். பழைய டேங்க்கில் இதற்கான வாயே இருக்காது. ரிட்டர்ன் குழாயை பம்ப் உறிஞ்சும் இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டால், அங்கே வரும் நுரையையும் காற்றுக் குமிழியையும் பம்ப் உறிஞ்சும். கொஞ்சம் தள்ளி விடவேண்டும்.

3. உள்தடுப்பு: டேங்க்கில் கால்வாசி பெட்ரோல் இருக்கிறது, வேகமாக ஒரு வளைவில் திரும்புகிறீர்கள். பெட்ரோல் முழுவதும் ஒரு ஓரத்துக்குப் போய்விடும். கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும். அதனால் ஒன்றிரண்டு நொடி சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தச் சேமிப்பு கிடையாது. பம்ப் காற்றை உறிஞ்சிய அடுத்த கணம் இன்ஜின் திணறும். அதுவும் லாரிகள் விரட்டும் ஒரகடம் சாலையில் நடந்தால்? அதனால்தான் புது டேங்க்குகளில் பம்பைச் சுற்றி ஒரு சின்னத் தொட்டியும், குறுக்கே தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன.

4. மூச்சு: பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று போகவேண்டும். வெயிலில் ஆவி பெருகும்போது அது வெளியேறவும் வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடமாகி வண்டி நின்றுவிடும். வழி திறந்தே இருந்தால் ஆவி வண்டிக்குள் வரும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டும். கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள மூச்சுக்குழாய்தான் சரியானது.

இ20 பெட்ரோல்: பழைய டேங்க்கின் புது எதிரி

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது நாடு முழுக்க பங்க்குகளில் வந்துவிட்டது. 50 வருஷத்துக்கு முன் டேங்க் செய்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பகலில் சூடாகி, இரவில் குளிரும்போது டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்னைப் பக்கக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அரை டேங்க்கோடு மாசக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இந்தப் பிரச்சனை அதிகம்.

பழைய இரும்பு டேங்க்குகள் பலவற்றில் துரு பிடிக்காமல் இருக்க உள்ளே ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். எத்தனால் அந்தப் பூச்சை அரிக்கும். பல வருஷமாக ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் கரைத்துக் கிளப்பிவிடும். அதெல்லாம் நேராக ஃபில்டருக்கும், பிறகு இன்ஜெக்டருக்கும் போகும். இன்ஜெக்டர் துளை, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. பழைய ரப்பர் வாஷர், பேக்கிங் எல்லாம் ஊறி உப்பிப்போகும்.

டேங்க் லீக்குக்கு சோப்பைத் தேய்த்து அடைக்கும் அந்தக் காலத்து வைத்தியம் ஞாபகம் இருக்கிறதா? அது பெட்ரோலில் கரையாது என்பதால் ஓரளவு தாங்கியது. எத்தனால் கலந்த பெட்ரோலில் அதை நம்பவே முடியாது.

அப்போ எந்த டேங்க்? நான்கு வழிகள்

வழி 1: பழைய டேங்க் + சின்னத் தொட்டி

பழைய டேங்க் நல்ல நிலையில் இருந்தால், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். குறைந்த அழுத்த பம்ப் ஒன்று பெட்ரோலை எடுத்து, ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் ஒரு சின்னத் தொட்டியில் நிரப்பும். அங்கிருந்து உயர் அழுத்த பம்ப் இன்ஜினுக்கு அனுப்பும். வளைவில் பெட்ரோல் ஓரம் போனாலும் தொட்டி நிறைந்தே இருக்கும். பழைய டேங்க்கை வெட்டவேண்டியதில்லை, பிற்பாடு பழைய நிலைக்கே திரும்பவும் முடியும். குறை என்ன? இரண்டு பம்ப், நிறைய இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் லீக் ஆகக்கூடிய ஓர் இடம்தான்.

வழி 2: பழைய டேங்க்கிலேயே துளையிட்டு பம்ப்

வெளியே பார்க்க ஒரிஜினலாகவே இருக்கும். பம்ப் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் சத்தமும் குறைவு, சூடாகாது. ஆனால் பழைய டேங்க்கை வெட்டவும் வெல்டு வைக்கவும் வேண்டும். இதில் உயிர் ஆபத்து இருக்கிறது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

வழி 3: இன்ஜின் வந்த காரின் டேங்க்

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் இன்ஜின் வாங்கும்போது, அதே காரின் டேங்க், பம்ப், மிதவை, மூச்சு வால்வு எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். இன்ஜினுக்கு என்ன அழுத்தம் வேண்டுமோ அதற்கென்றே கம்பெனி செய்த பம்ப். உள்தடுப்பும் சரியாக இருக்கும். எத்தனால் பெட்ரோலுக்கு பிளாஸ்டிக் டேங்க் துருப்பிடிக்காது என்பதும் லாபம். பிரச்சனை, அளவு. புது கார்களின் டேங்க் பின் சீட்டுக்கு அடியில் கோணல் மாணலாக இருக்கும். பழைய காரின் அடிப்பகுதியில் அது பொருந்துவது அபூர்வம். பொருத்துவதற்காக பிளாஸ்டிக் டேங்க்கைச் சூடாக்கி வளைப்பது, வெட்டி ஒட்டுவது எதுவும் கூடவே கூடாது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் டேங்க்கா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழி 4: புதிதாகச் செய்வது

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினியத் தகட்டில், வண்டிக்கு ஏற்ற அளவில் செய்துகொள்வது. இந்தப் பகுதியில் நல்ல வெல்டர்களுக்குக் குறைவில்லை. வேலை தெரிந்தவர் கையில் கொடுத்தால் இதுதான் நீடித்து உழைக்கும். உள்தடுப்பு, ரிட்டர்ன் வாய், பம்ப் உட்காரும் குழி, அடியில் தண்ணீர் வடிக்கும் பிளக் என எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து கொடுக்கவேண்டும். “சும்மா ஒரு பெட்டி அடிச்சுக் கொடுங்க” என்று சொன்னால், பெட்டிதான் வரும், டேங்க் வராது. டீசல் இன்ஜின் என்றால் துத்தநாகம் பூசிய தகடும், செம்புக் குழாயும் வேண்டாம். டீசலோடு அவை ஒத்துப்போகாது.

எதைத் தேர்வு செய்வது? விண்டேஜ் ஆசை இருந்தால், அல்லது பிறகு ஒரிஜினலுக்குத் திரும்ப நினைத்தால் வழி 1. தினசரி ஓட்டப் போகிறீர்கள், பழைய டேங்க் துருவேறிக் கிடக்கிறது என்றால் வழி 4. அளவு பொருந்தினால் மட்டும் வழி 3. வழி 2, அதற்கென்றே வசதியுள்ள பட்டறையில் மட்டும்.

எத்தனை லிட்டர்? ஒரு எளிய கணக்கு

நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 x 40 x 20 செ.மீ. டேங்க் என்றால் 48 லிட்டர். ஆனால் முழுக்க நிரப்பும்படி வைக்கக்கூடாது. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். பங்க்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 48 லிட்டரில் கிட்டத்தட்ட 1 லிட்டர் கூடும். ஆவிக்கும் இடம் வேண்டும். 5 முதல் 10 சதவீதம் காலியாக இருக்கும்படி நிரப்பும் வாயை அமைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் இ20-ல் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய கணக்குப்படி “ஃபுல் டேங்க் அடிச்சா திருச்சி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்” என்று நம்பிக் கிளம்பாதீர்கள். கூடவே எடையையும் பாருங்கள். 48 லிட்டர் பெட்ரோல் 35 கிலோவுக்கு மேல் வரும். டேங்க்கைத் தாங்கும் பட்டைகள் அதற்கு ஏற்றபடி இருக்கவேண்டும்.

எங்கே வைப்பது?

அமெரிக்காவில் 1970-களில் வந்த ஃபோர்டு பின்டோ காரில், டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து இடித்தால் டேங்க் நசுங்கி, கிழிந்து, தீப்பிடித்தது. உயிர்கள் போயின. கடைசியில் 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இன்றைய கார்களில் டேங்க் பின் சீட்டுக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால் போனதற்கு இப்படிப்பட்ட பாடங்கள்தான் காரணம்.

ஹெரால்டு மாதிரி சில பழைய கார்களில் டேங்க் டிக்கிக்குள்ளேயே ஓர் ஓரமாக இருக்கும். அங்கேயே வைப்பதென்றால், டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தகடு வைத்து முழுசாக அடைக்கவேண்டும். மூச்சுக்குழாய் வண்டிக்கு வெளியேதான் திறக்கவேண்டும். ஜாக்கி, ஸ்டெப்னி, டூல்ஸ் எதுவும் உருண்டு டேங்க்கில் இடிக்கக் கூடாது. புது இன்ஜினின் சைலன்சர் குழாய் பழைய காரில் போன பக்கமே போகிறதா என்று பாருங்கள். டேங்க்குக்குப் பக்கத்தில் போனால் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம்.

பம்ப் வயரிங்: அதிகம் கவனிக்காத ஆபத்து

பல பட்டறைகளில் பெட்ரோல் பம்புக்கு சாவியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துவிடுவார்கள். வண்டி ஓடும். ஆனால் விபத்தில் குழாய் அறுந்து, இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோலைச் சாலையில் கொட்டும். ஒரு பொறி போதும்.

கம்பெனி வண்டியில் சாவி போட்டதும் பம்ப் ஒன்றிரண்டு நொடி ஓடி நின்றுவிடும். இன்ஜின் சுற்றினால்தான் மறுபடி ஓடும். உங்கள் வண்டியிலும் இன்ஜினின் ஈ.சி.யூ. கட்டுப்பாட்டில் ரிலே வழியாகத்தான் பம்ப் ஓடவேண்டும். சரியான ஃபியூஸ் வேண்டும். இடி விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் சேர்த்தால் நல்லது.

இன்னொரு விஷயம். டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போய்விடும். மிதவையும் டேஷ்போர்டு மீட்டரும் ஒரே அளவு மின்தடை உள்ளவையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அரை டேங்க் காட்டும்போதே வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

எச்சரிக்கை: காலி டேங்க்தான் அதிக ஆபத்து

“பெட்ரோலை எல்லாம் கொட்டியாச்சு, காஞ்சு போச்சு, வெல்டு வைக்கலாம்.” பட்டறைகளில் உயிரை வாங்கும் வார்த்தை இதுதான். எரிவது பெட்ரோல் திரவம் இல்லை, அதன் ஆவி. காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அது வெடிக்கும். நிறைந்த டேங்க்கைவிட, காலி டேங்க்கில் இந்தக் கலவை எளிதாக உருவாகும். தகட்டு மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், வெல்டிங் சூட்டில் ஆவியாகும். மாசக்கணக்கில் காய்ந்த டேங்க்கும் விதிவிலக்கில்லை. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தள்ளியிருக்கும் கிரைண்டர் பொறி வரைக்கும் போகும்.

பயன்படுத்திய டேங்க்கை வெட்டுவது, வெல்டு வைப்பது இரண்டையும் நீராவியில் கழுவி, ஆவியை வெளியேற்றி, கருவியால் சோதிக்கும் வசதி உள்ளவர்கள் மட்டுமே செய்யவேண்டும். அந்த வசதி இல்லையென்றால் புது டேங்க்குதான் பாதுகாப்பு. புது டேங்க்கின் விலையை வெல்டரின் உயிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புது டேங்க்கைச் சோதிப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். தொழிற்சாலையில் காற்றடைத்து லீக் பார்ப்பார்கள். நீங்களும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம், ஆனால் 2, 3 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். 3 பிஎஸ்ஐ சின்னதாகத் தெரியலாம். 50 x 30 செ.மீ. பக்கத் தகட்டில் அது 300 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரை அப்படியே திறந்துவிட்டால் டேங்க் பிளந்துவிடும்.

வண்டியை எடுக்கும் முன் சரிபாருங்க

* ஆர்.டி.ஓ. அனுமதி எழுத்தில் கிடைத்ததா? இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லியாச்சா?
* ஹோஸ், வாஷர், பேக்கிங் எல்லாம் எத்தனால் தாங்குபவையா? உயர் அழுத்த ஹோஸில் ‘ஆர்9’ போன்ற தரக்குறியீடு அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.
* டேங்க்குக்குள் இருக்கும் ஹோஸ் தனி வகை. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால் ஊறிக் கெட்டுப்போகும்.
* பம்புக்கு முன்னும் பின்னும் ஃபில்டர் இருக்கிறதா? முதல் சில நூறு கிலோமீட்டரில் மாற்றினீர்களா?
* இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்கிறதா? நீங்களே சோதித்துப் பாருங்கள்.
* கால் டேங்க் பெட்ரோலோடு, ஆளில்லாத இடத்தில் இரண்டு பக்கமும் வளைத்து ஓட்டிப் பார்த்தீர்களா?
* இரவில் ஷெட்டை மூடி வைத்து, காலையில் திறக்கும்போது பெட்ரோல் வாசனை வருகிறதா? வந்தால் சாவியைத் தொடாதீர்கள், லைட் சுவிட்சையும் தட்டாதீர்கள். கதவைத் திறந்து காற்றோட விட்டு, லீக் எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பழைய காரை மறுபடி ரோட்டில் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம்தான். அப்பா ஓட்டிய வண்டியில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு ரவுண்டு போகவேண்டும் என்பதுதானே ஆசை? அந்தப் பிள்ளைகள் உட்காரப் போகும் பின் சீட்டுக்குப் பக்கத்தில்தான் டேங்க்கும் இருக்கிறது. இன்ஜினுக்கு பட்ஜெட் போடும்போது, முதல் வரியில் டேங்க்கை எழுதுங்கள்.